கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு பச்சைப் பட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுக்கடல் நீலமாக இருப்பதற்கு ஒரு காரணம், அதன் மேல்நீரில் பாசி அவ்வளவாக இல்லாதது. சரி, பாசி எங்கே போனது என்று ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினால், ஐம்பது மீட்டரிலோ நூறு மீட்டரிலோ பச்சையத்தின் அளவு திடீரென்று ஏறி, கொஞ்ச தூரத்தில் மறுபடி இறங்கிவிடும். அந்தப் பட்டையைப் பற்றி வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

பைட்டோபிளாங்க்டன் என்பது செடியா, கிருமியா?

இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. நீரோட்டம் இழுத்த பக்கம் போய்க்கொண்டு, ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்கும் நுண்ணிய உயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயாட்டம், இரண்டு சாட்டைகளை ஆட்டி நீந்தும் டைனோபிளாஜெல்லேட், பாக்டீரியா வகையைச் சேர்ந்த சயனோபாக்டீரியா என்று கலவையான கூட்டம். பாடநூல் ‘தாவர மிதவை உயிரிகள்’ என்கிறது. இங்கே சுருக்கமாக ‘நுண்பாசி’ என்றே எழுதுகிறேன். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை.

சூரியன் மேலேதானே இருக்கிறது? பிறகு ஏன் நுண்பாசி கீழே போய்ச் சேர்கிறது?

வெளிச்சம் மட்டும் போதுமென்றால் மேலேயே இருந்திருக்கும். அதற்கு உரமும் வேண்டும். நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு இவையெல்லாம் நமது வயலுக்கு எவ்வளவு அவசியமோ, கடலுக்கும் அவ்வளவு அவசியம்.

கடலில் உரம் இருப்பது அடியில். மேலே வளரும் உயிர் உரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது செத்தாலும், இன்னொன்று தின்று கழித்தாலும், மிச்சம் கீழ்நோக்கித்தான் விழும். விழுந்த பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து மறுபடி நைட்ரேட்டாக ஆக்குகின்றன. ஆனால் அது நடப்பது இருட்டான ஆழத்தில். ஆக மேல்நீர் நாளாக ஆக வெளிறிப்போகிறது, அடிநீர் வளமாகிக்கொண்டே போகிறது.

வெளிச்சம் இதற்கு நேர் எதிர். தெளிந்த நடுக்கடல் நீரில் நீல ஒளி சுமார் 20 மீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது. 20 மீட்டரில் பாதி, 40இல் கால், 60இல் அரைக்கால் என்று போய் 100 மீட்டரில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிவப்பு ஒளிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, மேலே சில மீட்டருக்குள் தீர்ந்துவிடும்.

மேலே வெளிச்சம் இருக்கிறது, உரம் இல்லை. ஆழத்தில் உரம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிற இடம் நடுவில் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கேதான் பச்சைப் பட்டை உருவாகிறது. பட்டை எந்த ஆழத்தில் இருக்கும் என்று யாராவது கேட்டால், ‘நைட்ரேட் எங்கே தொடங்குகிறது, வெளிச்சம் எங்கே முடிகிறது’ என்று திருப்பிக் கேட்டாலே போதும், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கடல் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறதே, எல்லாம் கலந்துவிடாதா?

குளிர்ந்த தண்ணீர் இருக்கிற வாளியில் வெந்நீரை மெதுவாக ஊற்றிவிட்டு, விளாவாமல் கையை விட்டுப் பாருங்கள். மேலே சுடும், அடியில் சில்லென்று இருக்கும். கடலும் விளாவாத வாளிதான். வெயிலில் சூடான இலேசான நீர் மேலே, குளிர்ந்த கனமான நீர் கீழே. அலையின் ஆட்டம் ஆழம் போகப் போகச் செத்துவிடும். காற்று விளாவுகிறது, ஆனால் வெப்பக் கடல்களில் அதன் கை மேலே சில பத்து மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் கனமான நீரை மேலே தூக்க நிறைய சக்தி வேண்டும்.

ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப்போல என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. எண்ணெய் கலக்கவே கலக்காது. கடலின் இரண்டு நீரும் தாராளமாகக் கலக்கும், கலக்கிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பட்டை எல்லாக் கடலிலும் ஒரே ஆழத்திலா இருக்கிறது?

இல்லை. ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே ‘அலோஹா’ என்றொரு அளவீட்டு நிலையம் இருக்கிறது. நிலையம் என்றால் கட்டடம் அல்ல, கப்பல் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஒரு புள்ளி. 1988 அக்டோபரிலிருந்து அங்கே அளக்கிறார்கள். பட்டை நூறு மீட்டரையொட்டி, சற்றுக் கீழே இருக்கிறது. ஈஸ்டர் தீவை ஒட்டிய தென் பசிபிக், உலகின் மிகத் தெளிந்த கடல்நீர் உள்ள இடங்களில் ஒன்று. அங்கே பட்டை 180 மீட்டர் அளவுக்கும் இறங்கிவிடுகிறது. மத்தியதரைக் கடலில் மேற்கே மேலாகவும், கிழக்கே போகப்போக ஆழமாகவும் இருக்கும். வங்கக்கடலின் நடுப்பகுதியில் பெரும்பாலும் 40இலிருந்து 70 மீட்டருக்குள்.

மிதவெப்பக் கடல்களில் இது கோடைக்காலச் சரக்கு. குளிர்காலப் புயல்கள் நன்றாக விளாவிவிடுவதால் பட்டை கலைந்துபோகும். வசந்தத்தில் மேலேயே ஒரு பெரிய விளைச்சல். உரம் தீர்ந்ததும் பச்சை மெல்லக் கீழே இறங்கும்.

அந்த மங்கலில் யார்தான் வாழ முடியும்?

வெப்பக் கடல்களில் முதல் ஆள் புரோக்ளோரோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா. விட்டம் சுமார் 0.6 மைக்ரான், நூற்றுக்கு மேல் வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் இருந்தாலும் கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். இவ்வளவு எண்ணிக்கையில் இருந்தும் 1980களின் நடுப்பகுதி வரை யாருக்கும் தெரியாது. சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் அவர்களது குழுவினரும், இரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் வகைக் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கண்டுபிடித்தார்கள். 1988இல் அறிவித்தார்கள்.

இதில் மேல்வீட்டு வகை, கீழ்வீட்டு வகை என்று இரண்டு உண்டு. கீழ்வீட்டு வகை மங்கலான நீல ஒளியைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். அதை மேலே கொண்டுவந்து வெயிலில் வைத்தால் தாங்காது.

அரபிக்கடலில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அங்கே சில இடங்களில் வழக்கமான பட்டைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பட்டை, ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்துபோன நீரில். அங்கேயும் உட்கார்ந்திருப்பது இந்தப் புரோக்ளோரோகாக்கஸ்தான்.

கண்ணுக்குத் தெரியாத பட்டையை எப்படி அளக்கிறார்கள்?

பழைய முறை வடிகட்டுவது. கப்பலிலிருந்து குப்பிகளைக் கம்பிவடத்தில் இறக்கி, வேண்டிய ஆழத்தில் மூடி, மேலே இழுப்பார்கள். அந்த நீரை லிட்டர் கணக்கில், பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள கண்ணாடி நாரிழை வடிதாளில் விட்டு உறிஞ்சுவார்கள். நடுக்கடலின் மேல்நீரை விட்ட தாள் கடைசி வரை வெள்ளையாகவே இருக்கும், வேலை செய்தோமா இல்லையா என்றே சந்தேகம் வரும். பட்டையிலிருந்து எடுத்த நீரை விட்டால், தாளில் இளம் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு வட்டம் படியும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வேறு விளக்கம் தேவையில்லை. அப்புறம் தாளை அசிட்டோனில் ஊறவைத்து, இருட்டில் குளிர்பெட்டிக்குள் ஓர் இரவு வைத்துப் பச்சையத்தைப் பிரித்தெடுத்து அளப்பார்கள். நகப்பூச்சை அழிக்கிற அதே அசிட்டோன்தான்.

புதிய முறை ஒளியால் சீண்டுவது. பச்சையத்தின் மேல் நீல ஒளியை அடித்தால் அது மெல்லிய சிவப்பில் ஒளிரும். அந்தச் சிவப்பு எவ்வளவு என்று பார்த்து, பச்சையம் எவ்வளவு என்று கணக்கிடலாம். 1966இல் கார்ல் லோரன்சன் கடல்நீரை ஓடவிட்டபடியே இப்படி அளக்கலாம் என்று காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு புள்ளி என்ற நிலை போய், ஆழம் முழுவதற்கும் ஒரே தொடர்கோடு கிடைத்தது.

இப்போது கப்பலும் வேண்டாம். ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் 2000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து தகவல் அனுப்புகின்றன. அவற்றில் ஒரு பகுதிக்குப் பச்சைய உணரியும் பொருத்தியிருக்கிறார்கள். இந்தியா மிதக்கவிட்ட ஆர்கோக்களின் தரவு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்துக்கு வருகிறது.

பச்சையம் அதிகம் என்றால் நுண்பாசி அதிகம் என்றுதானே அர்த்தம்?

இதைத்தான் நான் அதிகமாகப் பார்க்கும் குழப்பம் என்று சொல்வேன். பல கட்டுரைகள் இந்த இடத்தில் வழுக்கிவிடுகின்றன.

மங்கலில் வாழும் செல், கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்கத் தனக்குள் பச்சையத்தை நிறைய தயாரித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் வாழும் செல்லுக்கு அது தேவையில்லை. அதனால் ஒரே எடையுள்ள இரண்டு செல்களில் ஆழத்தில் இருப்பது பல மடங்கு பச்சையாக இருக்கலாம். மரத்தின் நிழலில் இருக்கும் இலை கரும்பச்சையாகவும், உச்சிவெயில் படும் இலை வெளிறியும் இருக்கிறதல்லவா, அதே கதை. கருவி காட்டும் மேடு, ஆள் கூட்டத்தால் வந்ததா, ஒவ்வோர் ஆளும் பெரிய குடையை விரித்ததால் வந்ததா?

வெளிறிய நடுக்கடல்களில் பெரும்பாலும் குடைதான் காரணம். அங்கே செல்களின் எடையைக் காட்டும் கரிமத்தின் அளவைப் பார்த்தால், பச்சையம் உச்சத்தில் இருக்கும் ஆழத்தில் பெரிதாக எந்த மேடும் இருக்காது, அல்லது மேடு வேறு ஆழத்தில் இருக்கும். உரம் கொஞ்சம் தாராளமாக ஏறிவரும் கடல்களில் நிஜமாகவே கூட்டம் சேர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘கடலுக்குள் மறைந்திருக்கும் காடு’ என்று தலைப்பு போடுவது அவசரம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. நண்பகலில் மேல்நீர்ச் செல்கள் கூடுதல் வெளிச்சத்தை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் அவற்றின் சிவப்பு ஒளிர்வு மங்கிவிடும். கருவி அதைப் பார்த்து, மேலே பச்சையம் குறைவு என்று சொல்லும், அடியில் இல்லாத ஒரு மேடு முளைக்கும். அதே இடத்தில் இரவில் அளந்தால் அந்த மேடு காணாமல் போயிருக்கலாம். மிதவைத் தரவைத் திருத்தாமல் எடுத்துப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய விஷயம்.

செயற்கைக்கோள் படத்தில் பட்டை தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. 1978இல் நாசா அனுப்பிய சி.இசட்.சி.எஸ். கருவி, 1999 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நமது ஓஷன்சாட் எல்லாம் கடலின் நிறத்தைப் பார்ப்பவை. மேலே இருந்து பார்க்கும் கண்ணுக்கு, தெளிந்த நீரிலும் சில பத்து மீட்டருக்குக் கீழே எட்டாது. கரையோரக் கலங்கல் நீரில் சில மீட்டர்தான். எங்கே மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்குச் சொல்லும் குறிப்புக்கு அது போதும். கடல் மொத்தமாக எவ்வளவு விளைகிறது என்று கணக்குப் போடும்போது, கீழே இருப்பதைக் கணித மாதிரிகள் வைத்து ஊகித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

‘மெல்லிய அடுக்கு’ என்று தனியாக ஒன்று சொல்கிறார்களே?

ஆமாம், அது வேறு கணக்கு. மேலே சொன்ன பட்டை பத்து இருபது மீட்டர் தடிமனில், கடல் முழுக்க விரிந்து கிடப்பது. மெல்லிய அடுக்கு பெரும்பாலும் கரையோரக் கடல்களில் காணப்படுவது. தடிமன் சில பத்து சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை. அகலமோ கிலோமீட்டர் கணக்கில். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நீடிக்கும். 5 மீட்டருக்குள் தடிமன், சுற்றியுள்ள நீரைப்போல் குறைந்தது மூன்று மடங்கு அடர்த்தி என்பது ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓர்காஸ் தீவைக் குடைந்து உள்ளே போகும் ஈஸ்ட் சவுண்ட் என்ற குறுகிய கடற்கழியிலும், கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவிலும் இவற்றை அதிகமாக ஆராய்ந்திருக்கிறார்கள். மான்டரேயில் 2005, 2006 ஆண்டுகளில் பல குழுக்கள் சேர்ந்து பெரிய அளவில் கள ஆய்வே நடத்தின.

இவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை என்றால், நீர் எடுக்கும் குப்பியே ஒரு மீட்டர் நீளம். பத்து மீட்டரில் ஒன்று, இருபதில் ஒன்று என்று இறக்கினால் இடையில் இருக்கும் அரை மீட்டர் அடுக்கு எந்தக் குப்பியில் மாட்டும்? போதாக்குறைக்குக் கப்பல் ஆடும்போது வடமும் மேலும் கீழும் ஆடி அடுக்கையே கலக்கிவிடும். கப்பலோடு கட்டப்படாமல், தானாக மெல்ல விழுந்துகொண்டே சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான் இது பிடிபட்டது.

அவ்வளவு மெல்லியதாக எப்படிச் சேர்கிறது?

ஒரே வழி இல்லை. எனக்குப் பிடித்த இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, இழுபடுவது. ஒரு சீட்டுக்கட்டின் பக்கவாட்டில் பேனாவால் நேர்க்குத்தாக ஒரு கோடு போடுங்கள். இப்போது கட்டின் மேல்பகுதியைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். கோடு சாய்ந்து, நீண்டு, படுத்துவிடும். கடலிலும் மேலடுக்கு நீரோட்டம் ஒரு வேகத்திலும், அதற்குக் கீழே உள்ளது வேறு வேகத்திலும் ஓடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பருமனான பாசித்திட்டு இப்படியே இழுபட்டு, பரோட்டா மாவு வீச வீச விரிவதுபோல அகலமாகி மெலிந்துவிடும். இதில் புதிதாக ஒரு செல்கூடச் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்ததுதான் வடிவம் மாறியிருக்கிறது.

இரண்டாவது, நீந்துபவை சிக்கிக்கொள்வது. சாட்டையுள்ள நுண்பாசிகள் பலவற்றுக்கு உடலின் கனம் பின்பக்கம் இருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் சாயும், அடி கனமாக இருப்பதால் நிமிர்ந்துவிடும். அந்த நிமிர்வுதான் செல்லுக்கு ‘மேலே’ எது என்று சொல்கிறது. கண் இல்லாமலே மேல்நோக்கி நீந்துகிறது. இப்போது வேக வேறுபாடு உள்ள நீருக்குள் அது நுழைகிறது. தலைப்பக்க நீர் ஒரு வேகம், கால்பக்க நீர் ஒரு வேகம், செல் சாய்கிறது. வேறுபாடு கொஞ்சம் என்றால் சாய்ந்தபடியே நீந்திப் போய்விடும். ஓர் எல்லையைத் தாண்டினால், விரலால் விடாமல் சுண்டப்படும் பொம்மை மாதிரி, நிமிர நேரமே கிடைக்காமல் கரணம் அடிக்கத் தொடங்கும். எது மேல் என்று தெரியாத செல் எங்கும் போகாது. கீழேயிருந்து அடுத்தடுத்து வருபவையும் அதே இடத்தில் மாட்டும். கூட்டம் சேர்ந்துவிடும்.

இதை வில்லியம் டுராம், ஜான் கெஸ்லர், ரோமன் ஸ்டாக்கர் மூவரும் 2009இல் ஆய்வகத் தொட்டியில் செய்தே காட்டினார்கள். மேலே போகப் போக வேக வேறுபாடு கூடும்படி நீரை ஓட்டி, கீழே பாசியை விட்டார்கள். சில நிமிடங்களிலேயே இடைநீரில் மெல்லிய படலம் கட்டியது. அவர்கள் பயன்படுத்திய இரண்டு இனங்களில் ஒன்று ஹெட்டிரோசிக்மா அகாஷிவோ, வளர்ப்பு மீன்களைக் கொல்வதில் பேர்போனது.

மற்ற வழிகள்: நீந்தத் தெரியாத டயாட்டம் மூழ்கும்போது கனமான நீரைத் தொட்டதும் வேகம் குறைந்து அங்கே தேங்கும். உரம் கிடைத்த செல் இலேசாகி மூழ்குவதை நிறுத்திக்கொள்வதும் உண்டு. பாசியுள்ள நீரே பக்கவாட்டில் வந்து இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். மான்டரேயில் அகாஷிவோ சாங்குவினியா என்ற டைனோபிளாஜெல்லேட், பகலில் வெளிச்சத்துக்கு மேலே, இரவில் உரத்துக்குக் கீழே என்று ஷிப்ட் போட்டுப் போய்வந்து போகிற இடத்தில் அடுக்குக் கட்டுகிறது. மணிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நீந்துகிற உயிருக்கு ஓர் இரவில் பத்து மீட்டர் பெரிய விஷயமில்லை.

இதனால் யாருக்கு லாபம்?

நெத்திலிக் குஞ்சுக்கு. ரூபன் லாஸ்கர் என்ற மீனியல் அறிஞர் தெற்குக் கலிபோர்னியாக் கரையோரம் செய்த சோதனை இது, 1975இல் வெளிவந்தது. முட்டையிலிருந்து வந்த நெத்திலிக் குஞ்சு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கரு மஞ்சள் தீர்ந்ததும் சில நாளுக்குள் முதல் வாய் சாப்பாடு கிடைத்தாக வேண்டும். அதற்கு ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 20 முதல் 40 வரை, சரியான பருமனுள்ள இரைத்துணுக்குகள் தேவை. சராசரிக் கடல்நீரில் அந்த அடர்த்தி கிடையாது.

லாஸ்கர் ஆய்வகத்தில் பொரித்த குஞ்சுகளைக் கப்பலில் எடுத்துப்போய், மேல்நீரில் கொஞ்சம், பச்சையம் உச்சத்தில் இருந்த அடுக்கின் நீரில் கொஞ்சம் என்று விட்டுப் பார்த்தார். மேல்நீரில் விட்டவற்றின் குடலில் ஒன்றும் பெரிதாக இல்லை. அடுக்கு நீரில் விட்டவை நன்றாகத் தின்றிருந்தன. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே புயல் ஒன்று வந்து மேல் 20 மீட்டர் நீரைக் கலக்கியது. அடுக்கு காலி. இருந்த பாசி எங்கும் போகவில்லை, ஆனால் பரவிவிட்டது. பந்தியில் போட்ட சோற்றை ஊர் முழுக்க ஒரு பருக்கை ஒரு பருக்கையாகத் தூவியது மாதிரி. அதற்குப் பிறகு விட்ட குஞ்சுகளுக்கு இரை கிடைக்கவில்லை.

அடுக்கில் விஷப்பாசி இருந்தால்?

இருக்கிறது. சூடோநிட்சியா என்ற டயாட்டம் வகையில் சில இனங்கள் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சை உண்டாக்கும். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த, இந்த நஞ்சு ஏறிய மட்டிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 1998இல் கலிபோர்னியாவில் நானூறுக்கு மேற்பட்ட கடற்சிங்கங்கள் செத்தன. அப்போது நெத்திலி வழியாக நஞ்சு ஏறியிருந்தது, ஆனால் நஞ்சு இருக்கிறதா என்று காவலுக்கு வைத்துப் பார்க்கும் மட்டிகளில் அது ஏறக்குறைய இல்லை.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் மெல்லிய அடுக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈஸ்ட் சவுண்டில் மேல்நீரில் தென்படாத சூடோநிட்சியா, ஆழத்தில் மெல்லிய அடுக்காகப் பதுங்கியிருந்ததை 2002இல் ஜேன் ரைன்ஸ் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். கரையிலிருந்து வாளியில் மொண்டு பார்த்து ‘பாசி இல்லை’ என்று சான்று கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

வங்கக்கடலில் நிலைமை என்ன?

வங்கக்கடலுக்கு மேலே ஒரு நன்னீர் மூடி இருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டுவதோடு மழையும் சேர்கிறது. சாதாரணக் கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்றால், மழைக்காலம் முடிந்ததும் வடக்குப் பகுதியின் மேல்நீரில் 30க்கும் கீழே போய்விடும். உப்பு குறைந்த நீர் இலேசு. வெப்பத்தால் வந்த அடுக்கின்மேல் உப்பால் வந்த அடுக்கும் சேர்ந்துகொள்ள, பருவக்காற்றாலும் விளாவ முடிவதில்லை. பக்கத்து அரபிக்கடலில் அதே தென்மேற்குப் பருவக்காற்று அடிநீரைக் கிளப்பிப் பச்சையாக்கிவிடும்போது, வங்கக்கடலின் நடுப்பகுதி வெளிறியே கிடப்பது இதனால்தான். ஆறுகள் உரமும் கொண்டுவரத்தான் செய்கின்றன, ஆனால் அது பெரும்பாலும் கரையோரத்தைத் தாண்டுவதில்லை.

மூடியைத் திறப்பவை நீர்ச்சுழல்களும் புயல்களும்தான். 1999 அக்டோபர் ஒடிசா பெரும்புயலுக்குப் பிறகு, வழக்கமாக வெளிறிக் கிடக்கும் கடலில் பச்சையம் கூடியதைச் செயற்கைக்கோளும் கப்பலும் காட்டின. ‘புயலால் கடல் செழித்தது’ என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் மேலே தெரிந்தது புதிதாக வளர்ந்ததா, ஐம்பது மீட்டரில் ஏற்கனவே இருந்த பட்டையைப் புயல் கலக்கி மேலே கொண்டுவந்ததா? முதல் ஓரிரு நாளில் தெரிவதில் இரண்டாவதற்குப் பங்கு உண்டு. உரம் மேலே வந்து, அதைத் தின்று செல்கள் பெருகச் சில நாட்கள் ஆகும்.

2016 ஜூன், ஜூலையில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிந்து சாதனா கப்பலில் இலங்கைக்குக் கிழக்கே தெற்கு வங்கக்கடலுக்குப் போனார்கள். தானாக மேலும் கீழும் நீந்தும் கிளைடர்களை விட்டு, பட்டை நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவு செய்தார்கள்.

சென்னைக் கடற்கரையில் இரவில் நீலமாக ஒளிர்ந்ததே, அதுவும் இதுதானா?

இல்லை. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் எல்லோரும் போய்ப் பார்த்த அந்த நீல அலை நாக்டிலூகா என்ற உயிர். அது உடலுக்குள் இலேசான திரவம் நிரப்பிக்கொண்டு மேலே மிதக்கும். தானாக உணவு சமைப்பதைவிட மற்றவற்றைப் பிடித்துத் தின்பது. கீழ்ப்பட்டைக்கும் அதற்கும் நேரடி உறவில்லை.

கடல் சூடானால் பட்டை என்னாகும்?

மேல்நீர் இன்னும் சூடாகி இலேசானால் விளாவல் இன்னும் குறையும், கீழிருந்து வரும் உரமும் குறையும். இதுவரை எளிது. அதற்குப் பிறகு சிக்கல்தான். 2006இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யெஃப் ஹூயிஸ்மனும் கூட்டாளிகளும் ஒரு கணித மாதிரி போட்டார்கள். விளாவல் குறைந்தால், பட்டை சீராக மெலிவதற்குப் பதில் ஏறி இறங்கி ஒழுங்கில்லாமல் ஆடத் தொடங்கும் என்று வந்தது. செல்கள் மூழ்கும் வேகமும், உரம் ஏறிவரும் வேகமும் ஒத்துப்போகாததுதான் காரணம். அட்லாண்டிக்கின் பெர்முடா தீவு அருகே 1988லிருந்து தொடரும் அளவீடுகளைப் பார்த்தால், மேல்நீரில் இருக்கும் நுண்பாசியும் கீழ்ப்பட்டையில் இருப்பதும் வெப்பத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆக மேல்நிறத்தை மட்டும் பார்த்துக் கடலின் வருங்காலத்தைச் சொல்வது அரைக் கணக்கு.

ஏரி, குளங்களில் இப்படி உண்டா?

ஆழமான ஏரிகளில் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியில் கோடைக்காலத்தில் பத்து மீட்டர் சுமார் ஆழத்தில் ஒரு சிவப்பு அடுக்கு நிற்கும். பிளாங்டோத்ரிக்ஸ் ரூபெசன்ஸ் என்ற சயனோபாக்டீரியா அது. செல்லுக்குள் காற்றறைகள் வைத்துக்கொண்டு தனக்குப் பிடித்த வெளிச்சத்தில் நின்றுகொள்ளும். குளிர்காலத்தில் நீர் கலக்கும்போது மேலே வந்து கரையெல்லாம் சிவப்பாகும். அதே நாட்டின் முர்ட்டன் ஏரியில் இதைப் பார்த்த ஊர்க்காரர்கள் ‘பர்கண்டியர் இரத்தம்’ என்றார்கள். 1476இல் அங்கே நடந்த போரில் பர்கண்டிப் படை தோற்று, பலர் ஏரிக்குள் விரட்டப்பட்டு மாண்டார்கள்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்ட முடியுமா?

அடுக்கு நிற்பதைக் காட்டலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிக்கு, நன்றாக உப்புப் போட்டுக் கரைத்த நீர். இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அதன்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டி முதுகில் வழியும்படி வெறும் நீரை மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். ஐந்து நிமிடம் ஆடாமல் விட்டு, மேலே இரண்டு மூன்று சொட்டுப் பால் விடுங்கள். பால் புகைபோலக் கீழே இறங்கி, உப்புநீரைத் தொட்டதும் நின்று பக்கவாட்டில் விரியும். தம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பார்த்தால் படலம் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு பிள்ளையிடம் கரண்டியைக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள், லாஸ்கரின் புயல் வந்துவிடும்.